ஜெர்மனி போகும் மலைப் பிள்ளைகளுக்கு: முகவரிப் பதிவு செய்வது எப்படி?

ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது நீலகிரியில் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். குன்னூரில் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் வகுப்புக்கு அலைகிறவர்கள், கோத்தகிரிப் பக்கம் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து மேல்படிப்புக்குப் போகிறவர்கள், கூடலூர் எஸ்டேட் லைன்களிலிருந்து முதல்முறையாக விமானம் ஏறுகிறவர்கள். விசா, டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் சரியாகவே செய்கிறார்கள். ஸ்வெட்டர் விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தங்கும் வீட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கே அலுவலகக் கவுன்டரில் இல்லை. இங்கே, செல்போனில் வீடு தேடும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

இது என்ன பதிவு?

நம் ஊரில் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு வீடு மாற்றினால் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் இணைப்பை மாற்றுவோம், ரேஷன் கார்டு மெதுவாக நடக்கும். இருப்பிடச் சான்று வேண்டும் என்று யாராவது கேட்டால்தான் இ-சேவை மையத்துக்குப் போவோம். ஜெர்மனியில் கதையே வேறு. ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டவருக்கு மட்டுமான சட்டம் என்று நினைக்க வேண்டாம், ஜெர்மன்காரர் அடுத்த தெருவுக்கு மாறினாலும் இதே கடமைதான். நாடு முழுவதற்குமான பதிவுச் சட்டம் 2015 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தாமதித்தால் 1,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்தை விடப் பெரிய தொல்லை, இந்தப் பதிவு இல்லாமல் மற்ற வேலைகள் நகராது என்பதுதான். சம்பளத்துக்கு வேண்டிய வரி எண் இதை வைத்துத்தான் வரும். பல வங்கிகள் இந்தத் தாளைக் கேட்கும். நீங்கள் போகிற தேசிய விசா சில மாதங்களுக்கு, அதிகம் போனால் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும், அங்கேயும் முதலில் கேட்பது முகவரிப் பதிவுத் தாளைத்தான். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் இதை விளக்கவே வேண்டாம். ஒரு அட்டை கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த வீட்டுப் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்.

கிளம்பும் முன்: பெயரும் தாள்களும்

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறதா? நமக்கு இனிஷியல் போதும். ஜெர்மன் கணினிக்கு இரண்டு பெயர் வேண்டும். இடம் காலியாக இருந்தால் எந்தப் பெயரை எங்கே போடுவது என்று ஒவ்வொரு அலுவலகமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். அப்புறம் வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் அப்பா பெயரையோ குடும்பப் பெயரையோ சர்நேமாகப் போட்டு எடுத்துவிடுங்கள். நீலகிரிக்குக் கோயம்புத்தூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான். எடுத்தாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்றால் இனி கை வைக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கணவரின் சர்நேம் அவருடைய அப்பா பெயர், மனைவியின் சர்நேம் அவருடைய அப்பா பெயர், குழந்தையின் சர்நேம் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! கவுன்டரில் இருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார். திருமணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அசலாகக் கையில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஹட்டியில் ஊர் கூடிச் செய்த கல்யாணம், ஆல்பம் மட்டும்தான் இருக்கிறது என்றால், கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அது எப்படியும் கட்டாயம். ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று நீங்கள் போகிற ஊரின் அலுவலக இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும்.

நம் மலைக்கே உரிய ஒரு விஷயம் லேமினேஷன். ஜூன் தொடங்கினால் பீரோவுக்குள்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். பள்ளிச் சான்றிதழின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா எல்லாவற்றையும் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார். ஒட்டிய தாளின் மேல் முத்திரை வைக்கவும் முடியாது, தாள் அசல்தானா என்று தடவிப் பார்க்கவும் முடியாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா பாக்கெட்டையும் போட்டுவிட்டால் போதும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? பிரிக்க முயல வேண்டாம், தாளோடு எழுத்தும் வந்துவிடும். பிறப்புச் சான்று என்றால் புதுப் பிரதி வாங்கிக்கொள்வது சுலபம்.

வீடு பிடிக்கும்போது

பதிவுக்கு வேண்டிய தாள்களில் மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கும். ஒன்று மட்டும் வீடு கொடுப்பவர் கையில் இருக்கிறது. வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்று நீளமாக ஒரு பெயர், பயந்துவிட வேண்டாம், ஒரே பக்கம்தான். வீட்டுக்காரரின் பெயரும் முகவரியும், வீட்டின் முகவரி, நீங்கள் குடிவந்த தேதி, குடிவந்தவர்களின் பெயர்கள், கீழே ஒரு கையெழுத்து. இதற்குப் பதிலாக வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஒப்பந்தத்தில் பத்துப் பக்கம் இருந்தாலும் இந்த ஒரு பக்கம் தனியாக வேண்டும்.

ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "ஆன்மெல்டுங் மோக்லிஷ்?", அதாவது பதிவு செய்ய முடியுமா, என்று கேளுங்கள். அந்த இரண்டு சொல் போதும், விஷயம் புரிந்துவிடும். பதிலில் இழுத்தடித்தால் அந்த அறை வேண்டாம். "இங்கே பதிவு செய்ய முடியாது" என்று சில விளம்பரங்களிலேயே போட்டிருப்பார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிற இடமாகப் பெரும்பாலும் இருக்கும். உள்வாடகையே தப்பு என்று இல்லை. உரிமையாளர் அனுமதியோடு விட்டால், அவரிடம் வீட்டை வாடகைக்கு எடுத்து உங்களுக்கு விடுகிறவரே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். மாணவர் விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்கு இந்தத் தாள் சாவியோடு சேர்ந்தே வந்துவிடும். மருத்துவமனையே தங்கும் அறை தருகிற நர்ஸ்களுக்கும் அப்படித்தான். அறை கொஞ்சம் சின்னதாக, பழசாக இருந்தாலும் முதல் ஆறு மாதத்துக்கு அப்படிப்பட்ட இடத்தையே எடுங்கள் என்பேன். நல்ல அறையை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

பணம் கொடுத்தால் பதிவுக்கு முகவரி தருகிறோம் என்று வலைத்தளக் குழுக்களில் ஆட்கள் வருவார்கள். குடியிருக்காத வீட்டின் முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பது சட்டவிரோதம், அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். அதைவிட, அந்த முகவரிக்கு வருகிற உங்கள் அரசாங்கக் கடிதங்கள் யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் தாளைத் தர மறுத்தால்? தருவது அவருடைய சட்டக் கடமை, தராவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு. மறுக்கிறார் என்று நீங்கள் உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அப்போதுதான் பழி உங்கள் மேல் வராது. எழுத்தில், மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

இறங்கியபின்: நாள் கணக்கும் முன்பதிவும்

இரண்டு வாரம் என்பது விமானம் இறங்கிய நாளிலிருந்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தோ அல்ல, வீட்டில் குடியேறிய நாளிலிருந்து. முதல் சில நாள் ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ தங்கினால் அந்த நாட்கள் கணக்கில் வராது. குடியேறுவதற்கு முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் முடியாது.

அலுவலகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். பெர்லினிலும் பிராங்க்ஃபர்ட்டிலும் பியூர்கர்ஆம்ட், மியூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் பியூர்கர்பியூரோ. சின்ன ஊர் என்றால் ஊராட்சிக் கட்டடமான ராட்ஹவுஸிலேயே ஒரு அறையாக இருக்கும். சின்ன ஊர்களில் பல இடங்களில் நேரே போய் வரிசையில் நின்றாலே வேலை முடிந்துவிடும். பெரிய நகரங்களில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கு அடிதடி. பெர்லினில் நகரத்துக்குள் எந்த பியூர்கர்ஆம்ட்டிலும் பதியலாம், உங்கள் வட்டாரத்தில்தான் என்று கட்டாயம் இல்லை. ஆகவே நகரம் முழுவதற்கும் சேர்த்துத் தேடுங்கள். ரத்தாகும் நேரங்கள் காலையில் திறக்கும், அப்போது திரும்பத் திரும்பப் பாருங்கள். 115 என்ற பொது எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஊரிலிருந்தே, வீடு உறுதியான அன்றே, குடியேறும் தேதிக்குப் பிந்தைய ஒரு நாளைப் பிடித்து வைத்துவிடுவது இன்னும் நல்லது. முன்பதிவுக்கு நீங்கள் ஜெர்மனியில் இருக்க வேண்டியதில்லை, கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, முன்பதிவு செய்த நாள் தெரியும்படி அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முயன்றவர் மேல் வழக்கமாக அபராதம் போடுவதில்லை. இணையத்திலேயே பதியும் வசதி பல நகரங்களுக்கு வந்துவிட்டது, ஆனால் அது ஏற்கெனவே ஜெர்மனியில் பதிவு பெற்று வீடு மாறுகிறவர்களுக்கு. முதல்முறை வெளிநாட்டிலிருந்து வருகிறவர் நேரில்தான் போக வேண்டும். காசு காசு என்று பிடுங்கும் நாட்டில் இந்தப் பதிவு மட்டும் இலவசம்.

படிவத்தில் ஒரு கேள்வி

பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி, புது முகவரி, குடியேறிய நாள் எல்லாம் ஐந்து நிமிட வேலை. பழைய முகவரிக்கு எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் எண் எல்லாம் எழுதி இடத்தை நிரப்ப வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளதைச் சுருக்கமாக எழுதினால் சரி. ஆனால் மதம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கும், அங்கே பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கும் அரசே வரி வசூலித்துக் கொடுக்கிறது. படிவத்தில் கத்தோலிக்கர் என்றோ 'எவாங்கேலிஷ்' என்றோ எழுதினால் அந்தத் தகவல் வரித்துறைக்குப் போகும். சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியின் மேல் இன்னொரு 9 சதவீதம் திருச்சபை வரியாகப் பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். சம்பளத்தில் 9 சதவீதம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, வரித் தொகையில்தான் 9 சதவீதம். வருமான வரியே கட்டாத மாணவருக்கு இதுவும் இல்லை. இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

குன்னூரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஒரு அம்மா, மகள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா, கோயிலுக்குப் போறதுக்கும் கவர்ன்மென்ட் வரி போடுமா?" என்று கேட்டார். போடும். பொய் எழுதச் சொல்லவில்லை, எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்து எழுதச் சொல்கிறேன். பின்னால் வேண்டாம் என்றால், திருச்சபையிலிருந்தே விலகுவதாக நீதிமன்றத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ முறைப்படி அறிவிக்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு அது அங்கே ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும்கூடத் தடையாக வந்து நிற்கலாம். அந்த வரியை மனமுவந்து கட்டுகிறவர்களும் நிறையப் பேர். வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது, கவுன்டரில் அவசரமாக முடிவெடுக்க வேண்டியதல்ல.

கவுன்டரில்

பாஸ்போர்ட், விசா, வீட்டுக்காரர் கொடுத்த தாள், நிரப்பிய படிவம், குடும்பம் என்றால் சான்றிதழ்கள். எல்லாம் அசல். ஒன்றாகக் குடியேறும் குடும்பத்துக்கு ஒருவரே போய் எல்லோரையும் பதியலாம், எல்லோருடைய பாஸ்போர்ட்டும் இருந்தால் போதும். ஜெர்மன் தடுமாறுகிறவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டும் என்று அங்குள்ளவர்களுக்குக் கட்டாயம் இல்லை, பேசினால் அது அவர் நல்ல மனசு.

உங்கள் எண் திரையில் வந்ததும் உள்ளே போவீர்கள். அதிகாரி தட்டச்சு செய்வார், பத்துப் பதினைந்து நிமிடம். முடிவில் ஒரு தாளை அச்செடுத்து உங்கள் பக்கம் தள்ளி, சரிதானா பாருங்கள் என்பார். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். உங்கள் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருக்கிறதா, பிறந்த ஊரின் எழுத்து சரியா, குடியேறிய தேதி சரியா. தப்பிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். கையெழுத்துப் போட்டபின் அந்தத் தப்பு வரி எண், வங்கி, வசிப்பு அட்டை என்று வரிசையாகப் பயணம் செய்யும். முத்திரையோடு கொடுக்கும் பதிவு உறுதித்தாளைப் படம் எடுத்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடாமல், உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டியில் பெயர்

நம் எஸ்டேட் லைனில் வீட்டு எண்ணே தேவையில்லை. இன்னார் மகன் என்று எழுதினால் போதும், தபால்காரர் டீக்கடையிலோ எஸ்டேட் ஆபீசிலோ கொடுத்துவிட்டுப் போவார். அது வந்து சேர்ந்தும்விடும். ஜெர்மனியில் கட்டடத்தின் கீழே வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெயர்ச்சீட்டு. கடிதத்தில் உள்ள பெயர் எந்தச் சீட்டிலும் இல்லையா, கடிதம் திரும்பிப் போய்விடும். உங்கள் வீட்டில்தான் ஆள் இருக்கிறாரே என்று யாரும் மேலே ஏறி வந்து கேட்க மாட்டார்கள். ஆகவே குடியேறிய அன்றே சீட்டை ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேம் கட்டாயம் அதில் இருக்கட்டும். மூன்று குடும்பப் பெயர் கொண்ட வீடென்றால் மூன்றையும் எழுதுங்கள்.

முதலில் வர வேண்டிய முக்கியமான கடிதம் 11 இலக்க வரி அடையாள எண். மத்திய வரி அலுவலகத்திலிருந்து சில வாரங்களில் வரும், வாழ்நாள் முழுவதும் அதே எண்தான். போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள். தொலைந்தால் மறுபடி விண்ணப்பித்து மறுபடி தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். எண் இல்லாமலே போய்க்கொண்டிருந்தால் நிறுவனம் அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் உங்களைப் போட்டுவிடும், சம்பளம் பாதியானது போல இருக்கும்.

அடுத்தது ஒளிபரப்புக் கட்டணக் கடிதம். நீங்கள் பதிந்த தகவல் அந்தக் கட்டணத்தை வசூலிப்பவர்களுக்குத் தானாகப் போய்விடும். மாதம் 18.36 யூரோ. என்னிடம் டி.வி.யே இல்லையே என்று சொல்லிப் பயனில்லை, வீட்டுக்குத்தான் கட்டணம், பெட்டிக்கு அல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால், கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறித்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம். பதிலே போடாமல் கிழித்துப் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

வீடு மாறினால், அப்பா அம்மா வந்தால், ஊர் திரும்பினால்

ஜெர்மனிக்குள் வீடு மாறினால் புது ஊரில் மறுபடி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். பழைய ஊரில் போய் நீக்க வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பேரக்குழந்தையைப் பார்க்க அப்பா அம்மா மூன்று மாத விசாவில் வந்தால் அவர்களுக்குப் பதிவு வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட்டால் அந்தக் கடமை இல்லை. அவர்கள் வந்திருக்கும்போது தபால் பெட்டியில் அவர்கள் பெயரையும் ஒட்டி வையுங்கள், காப்பீட்டுக் கடிதம் ஏதாவது வந்தால் தவறாது.

ஜெர்மனியை விட்டே கிளம்பும்போதுதான் ஆப்மெல்டுங் என்கிற பதிவு நீக்கம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாகவோ, கிளம்பிய இரண்டு வாரத்துக்குள்ளோ செய்ய வேண்டும். பெரும்பாலான ஊர்களில் தபாலிலேயே அனுப்பலாம். செய்யாவிட்டால் ஒளிபரப்புக் கட்டணம் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும், காப்பீடும் இணைய இணைப்பும் நிறுத்துவதற்கு இந்த உறுதித்தாளைக் கேட்பார்கள். படிவத்தில் புது முகவரி என்ற இடத்தில் நீலகிரி முகவரியை முழுதாக எழுதுங்கள். 643-இல் தொடங்கும் பின்கோடும் தபால் நிலையத்தின் பெயரும் கட்டாயம். வரிப் பணம் திரும்பக் கிடைப்பது பற்றிய கடிதம் ஒரு வருடம் கழித்துக்கூட அந்த முகவரிக்கு வரலாம்.